கிட்டுக்கு ஒரு ‘அன்டூ’ வேண்டுமா?

கிட்டில் ஏன் ‘அன்டூ’ என்று ஒரு கமாண்ட் இல்லை? எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பெண் போன மாதம் இதைக் கேட்டார். “வேர்டுல இருக்கு, எக்செல்ல இருக்கு, போட்டோஷாப்ல இருக்கு. உலகத்துல இருக்குற பெரிய பெரிய ஆளுங்க சேர்ந்து எழுதுற சாஃப்ட்வேர்ல மட்டும் ஏன்ண்ணா இல்ல?” உடனே பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர், “ரீசெட் சாஃப்ட் போடு, முடிஞ்சுது” என்றார். இன்னொருவர், “இல்லல்ல, ரிவர்ட்” என்றார். மூன்றாமவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, “ரீஸ்டோர்” என்றார். மூன்று பேரும் சொன்னது மூன்று வேறு வேலைகள். மூன்றுமே அவரவர் மனதில் இருந்த கேள்விக்குச் சரியான பதில்கள்தான். அவர் கேட்டதற்கான விடையில் பாதி அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. மீதியை எழுதத்தான் இந்தப் பதிவு.

ஒரு எச்சரிக்கை: கமாண்ட் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அப்படியே டெர்மினலில் தட்டிவிட்டு ‘ஒண்ணும் நடக்கலையே’ என்று மெசேஜ் அனுப்பாதீர்கள்.

இந்தப் பக்கம் முதல்முறை வருகிறவர்களுக்கு: வீடு எர்ணாவூர். பிழைப்பு, கன்டெய்னர் யார்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுவது. மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் சி.எஃப்.எஸ். என்று போர்டு வைத்த யார்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஹார்பரிலிருந்து ட்ரெய்லரில் வரும் பெட்டி அங்கே இறங்கி, கஸ்டம்ஸ் வேலை முடிந்த பிறகுதான் வெளியே போகும். அந்த யார்டு கேட்டில் உட்கார்ந்திருக்கும் கிளார்க் முன்னால் ஓடுகிற ஸ்கிரீன் எங்களுடையது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது கொஞ்ச தூரம் போனால் தெரியும்.

கிட்டுக்குப் புது கமாண்ட் வேண்டும் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். கிட்டில் கமாண்ட் சேர்க்க யார் அனுமதியும் தேவையில்லை. ‘கிட்’ என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, பிறகு உங்களுக்குப் பிடித்த பெயரை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதை பாத்தில் இருக்கிற ஏதாவது ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அடுத்த நொடியிலிருந்து அது கிட்டோடு பிறந்த கமாண்ட் மாதிரியே ஓடும். அதைவிடச் சின்ன வேலையென்றால் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி, அலியாஸ். லினக்ஸ் கெர்னல் ஆட்களுக்கு பிட்கீப்பரின் இலவச லைசென்ஸ் கைவிட்டுப்போன 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத ஆரம்பித்தபோதே கதை இப்படித்தான். தனித்தனியாகச் சின்னச் சின்ன புரோகிராம்கள், அவற்றைக் கோத்து ஷெல்லிலும் பெர்லிலும் எழுதிய ஸ்கிரிப்ட்கள். சில மாதங்களில், 2005 ஜூலையில், பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது. இருபது வருஷமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

ஆக, உள்ளே சேர்க்கலாமா என்ற கேள்வி வந்தால் ‘இது உபயோகமா?’ என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. உபயோகமில்லாததை யாரும் கேட்கப்போவதில்லை. வெளியிலிருந்து செய்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்க வேண்டும்.

ஏனென்றால் உள்ளே சேர்ப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கேட்கிறவர் கொடுப்பதில்லை, மற்ற எல்லோரும் கொடுக்கிறார்கள். கிட்டில் ஏற்கெனவே இருக்கிற கமாண்டின் பெயரில் நீங்கள் அலியாஸ் வைத்தால் கிட் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்கிரிப்ட்கள் குழம்பக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் இதைத் திருப்பிப் பாருங்கள். நாளைக்கே ‘அன்டூ’ என்று ஒரு கமாண்ட் உள்ளே வந்தால், உலகம் முழுக்க ‘அன்டூ’ என்று அலியாஸ் வைத்திருக்கிற ஒவ்வொருவருடைய அலியாசும் அடுத்த அப்டேட்டில் சத்தமில்லாமல் செத்துப்போகும். எர்ரர் வராது. அதே பெயரில் வேறொரு வேலை நடக்கும்.

உள்ளே வந்தது சுலபத்தில் வெளியே போவதும் இல்லை. ‘வாட்சேஞ்ஜ்டு’ என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. கிட் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. ‘லாக்’ கமாண்டில் ஒரு ஆப்ஷன் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே வேலை நடந்துவிடும், அதனால் வருஷக்கணக்கில் அதற்கு அவசியமே இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த 2.51 பதிப்பில்தான் அதைக் கழற்ற முதல் நட்டைத் திருகினார்கள். இப்போது அதை ஓட்ட வேண்டுமென்றால் ‘நான் இன்னும் இதைப் பயன்படுத்துகிறேன்’ என்ற அர்த்தத்தில் ஒரு நீளமான ஆப்ஷனைக் கூடவே தட்ட வேண்டும். ஆட்சேபம் இருக்கிறவர்கள் வந்து சொல்ல ஒரு வாய்ப்பு. நிஜமாக எடுப்பது அடுத்த பெரிய பதிப்பான 3.0-இல். ஒரு சின்ன கமாண்டை வழியனுப்ப இருபது வருஷம்.

கமாண்டை எடுக்காமல் இடத்தை மட்டும் மாற்றியதற்கே என்ன நடந்தது தெரியுமா? ஆரம்பத்தில் கிட்டின் ஒவ்வொரு கமாண்டும் கோடு போட்ட பெயரோடு தனி ஃபைலாக யூசருடைய பாத்திலேயே கிடக்கும். நூற்றுக்கும் மேல். 2008 ஆகஸ்டில் வந்த 1.6.0 பதிப்பில் அவற்றைத் தூக்கி உள்ளே ஒரு ஃபோல்டருக்குள் வைத்தார்கள். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். கோடு போட்ட பெயரை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்கள் உடைந்து நின்றபோதுதான் பலருக்கு அப்படியொரு அறிவிப்பு வந்ததே தெரிந்தது. திட்டித் தீர்த்தார்கள். அறிவிப்பைப் படிக்கிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான், எந்த ஊரிலும்.

இவ்வளவு விலை கொடுத்தும் உள்ளே கொண்டுவர வேண்டியவை உண்டு. எனக்குத் தெரிந்து அதற்கு மிகச் சுத்தமான உதாரணம் ‘வொர்க்ட்ரீ’.

எங்கள் வேலையில் இது இல்லாமல் ஆகாது. ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வரும். “சார், கேட்ல ஸ்கிரீன் நிக்குது, ட்ரெய்லர் லைன் கட்டி நிக்குது.” கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டினால் எண்ணூர் விரைவுச் சாலையில் என்ன ஆகும் என்று இந்தப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப்பில் பாதி எழுதிய வேறொரு வேலை பரப்பிக் கிடக்கும். அதைக் கலைக்காமல், அதே ரெப்பாசிட்டரியின் இன்னொரு பிராஞ்சைத் தனி ஃபோல்டரில் திறந்து, அங்கே கேட்டுக்கான கோளாறைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். வொர்க்ட்ரீ அதைத்தான் செய்கிறது.

இதுவும் முதலில் வெளியில்தான் இருந்தது. கிட் சோர்ஸோடு கூடவே வருகிற ‘கான்ட்ரிப்’ ஃபோல்டரில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். சிம்லிங்க் போட்டு ஒரே ரெப்பாசிட்டரிக்கு இரண்டு ஃபோல்டர் காட்டும். சாமர்த்தியமான ஸ்கிரிப்ட். ஆனால் கிட்டுக்கே தான் இரண்டாகக் கிடப்பது தெரியாது. ஒரே பிராஞ்சை இரண்டு ஃபோல்டரிலும் திறந்து வைத்து ஒன்றில் கமிட் செய்தால், மற்றதில் நீங்கள் தொடாத ஃபைல்களெல்லாம் மாறியிருப்பதாகக் காட்டும். அதைவிட மோசம், குப்பை கூட்டும் வேலை. ஒரு ஃபோல்டரில் ஓடுகிற ‘ஜி.சி.’, இன்னொரு ஃபோல்டரில் யாருடைய ஹெட் எங்கே நிற்கிறது என்று பார்க்காது. எந்தப் பிராஞ்சிலும் சேராத கமிட் அங்கே இருந்தால், யாருக்கும் வேண்டாததென்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிடலாம்.

ஸ்கிரிப்டை எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. குப்பை கூட்டுகிறவருக்கு எத்தனை அறை என்று தெரிந்தாக வேண்டும், அந்த அறிவு உள்ளே மட்டும்தான் இருக்க முடியும். வியட்நாமைச் சேர்ந்த நுயென் தாய் நாக் ஸுய் இதை எழுதினார். முதலில் ‘செக்அவுட்’ கமாண்டுக்கு இன்னொரு ஆப்ஷனாகத்தான் வைத்தார்கள். வெளியாவதற்கு முன்பே, எரிக் சன்ஷைன் கைவைத்ததில், தனி கமாண்டாக மாறி 2015 ஜூலையில் 2.5 பதிப்போடு வந்தது. நல்லவேளை. செக்அவுட் முதுகில் அப்போதே தாங்க முடியாத சுமை.

செக்அவுட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

‘கிட் செக்அவுட்’ என்று போட்டு ஒரு பெயரைத் தருகிறீர்கள். அது பிராஞ்ச் பெயராக இருந்தால் அந்தப் பிராஞ்சுக்குப் போகும். போகும்போது நீங்கள் மாற்றி வைத்திருக்கிற ஃபைல் அழியும் நிலை வந்தால் ‘முடியாது’ என்று நின்றுவிடும். அவ்வளவு பத்திரம். அதே கமாண்டுக்கு ஃபைல் பெயரைத் தந்தால், அந்த ஃபைலில் நீங்கள் செய்திருந்த மாற்றங்களைத் துடைத்துவிட்டுப் பழையதைக் கொண்டுவந்து வைக்கும். கேட்காது. எச்சரிக்காது. பெயருக்குப் பதில் ஒரு புள்ளி வைத்தால் மொத்த ஃபோல்டரும் காலி. அந்த மாற்றங்களை ‘ஆட்’ கூடச் செய்யவில்லை என்றால் அவை கிட்டுக்குள் எங்கும் பதிவாகியிருக்காது, ரெஃப்லாக்கில் தேடினாலும் கிடைக்காது. எங்கள் டீமில் ஒரு பையனுடைய முழு மதியமும் இப்படித்தான் போனது. அவன் அன்றைக்கு மெட்ரோவில் விம்கோ நகர் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே பெயருக்குக் கீழே மகா ஜாக்கிரதையான வேலையும் ஈவிரக்கமில்லாத வேலையும் உட்கார்ந்திருந்தன. இதை டாக்குமென்டேஷன் எழுதிச் சரிசெய்ய முடியாது. ஆப்ஷன் சேர்த்தும் முடியாது, ஆப்ஷன் தெரிந்தவர் ஏற்கெனவே ஜாக்கிரதையாக இருப்பவர். சரி, செக்அவுட்டின் நடத்தையையே மாற்றிவிட்டால்? அதை நம்பி எத்தனை ஸ்கிரிப்ட், எத்தனை பில்டு சர்வர், எத்தனை எடிட்டர்! ஒன்றைத் தொட்டால் எங்கே எது விழும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்பில் ‘ஸ்விட்ச்’, ‘ரீஸ்டோர்’ என்று இரண்டு புதிய கமாண்ட்கள் வந்தன. எழுதியவர் அதே ஸுய். பிராஞ்ச் மாறுவதற்கு ஒன்று, ஃபைலைப் பழையபடி ஆக்குவதற்கு ஒன்று. இரண்டுமே செக்அவுட்டால் செய்ய முடிந்தவை, அதனால் பலர் ‘எதுக்கு இது?’ என்றார்கள். நானும் அப்போது அந்தக் கட்சியில் இருந்தேன் என்று நினைக்கிறேன். மேனுவலை உட்கார்ந்து படித்த பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. புதுப் பெயர் கிடைத்ததால் புது வழக்கங்கள் வைக்க முடிந்திருக்கிறது. செக்அவுட்டுக்கு ஒரு டேக் பெயரைத் தந்தால் பிராஞ்ச் எதிலும் இல்லாத அந்தரமான நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒரு நீளமான அறிவுரையைப் படிக்கச் சொல்லும். ஸ்விட்ச் அப்படிப் போகாது. அந்தரத்தில் நிற்கத்தான் வேண்டுமென்றால் வாயால் சொல் என்று நிற்கும். பாதி மெர்ஜிலோ பாதி ரீபேஸிலோ இருக்கும்போது பிராஞ்ச் மாறக் கேட்டால் செக்அவுட் பல நேரம் விட்டுவிடும், ஸ்விட்ச் மறுக்கும். ரீஸ்டோரிலும் இப்படி ஒன்று. பழைய கமிட்டிலிருந்து ஒரு ஃபோல்டரை எடுத்தால், அந்தக் கமிட்டில் இல்லாத ஃபைல்களை செக்அவுட் அப்படியே விட்டுவைக்கும். ரீஸ்டோர் அவற்றை நீக்கி அந்தக் கமிட்டில் இருந்தபடியே ஆக்கித் தரும்.

இதற்குத்தான் புதிய கமாண்ட் வேண்டும் என்பேன். டைப் செய்வதைக் குறைக்க இல்லை. பழைய பெயரின் வழக்கத்தை மாற்றினால் ஊரே கவிழும், மாற்றாவிட்டால் புதிதாக வருகிறவர் விழுவார் என்கிற இக்கட்டு வரும்போது.

குறை இல்லாமல் இல்லை. ரீஸ்டோரும் கேட்காமல்தான் துடைக்கிறது. ஆபத்து போய்விடவில்லை, அதற்கென்று ஒரு தனி வாசல் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது, ‘இது பரிசோதனையில் இருக்கிறது, மாறலாம்’ என்ற வாசகம் அவற்றின் மேனுவலில் ஆறு வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2.51-இல்தான் எடுத்தார்கள். ஆனால் 2.23 வந்த அன்றிலிருந்தே ‘கிட் ஸ்டேட்டஸ்’ தன் குறிப்பில் ‘மாற்றங்களைக் கைவிட ரீஸ்டோர் போடு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு கையால் பரிமாறிவிட்டு இன்னொரு கையால் ‘இன்னும் வேகலை’ என்று போர்டு வைத்த மாதிரி. மூன்றாவது, செக்அவுட் அப்படியே இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். நம் ஊர் ட்ரெய்னிங் சென்டர்களில் இன்னமும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். புதிதாகக் கற்கிறவருக்கு ஒன்றுக்கு மூன்றாகச் சுமை. இதையெல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் ஸ்விட்ச் வந்தது நல்லதுக்கே என்பதுதான் என் கணக்கு.

வெளியிலேயே இருந்து நன்றாக வாழ்கிறவையும் உண்டு. பெரிய ஃபைல்களுக்கான கிட் எல்.எஃப்.எஸ். ஒன்று. ரெப்பாசிட்டரியின் மொத்த வரலாற்றையும் திருத்தி எழுதுகிற ‘ஃபில்டர்-ரெப்போ’ இன்னொன்று. இது எலைஜா நியூரன் எழுதிய ஒரே ஒரு பைத்தான் ஃபைல். கிட்டுக்குள்ளேயே இருக்கிற ‘ஃபில்டர்-பிராஞ்ச்’ கமாண்டை இப்போது ஓட்டினால், அது முதலில் தன்னுடைய ஆபத்துகளைச் சொல்லி, ‘வெளியில் ஃபில்டர்-ரெப்போ என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்’ என்று கைகாட்டி, மனம் மாறச் சில நொடிகளும் தருகிறது. 2019 நவம்பரில் வந்த 2.24-இலிருந்து இப்படி. வீட்டுக்குள் இருக்கிறவரே வெளியாளைச் சிபாரிசு செய்கிறார். இதில் எனக்குப் பிடித்தது அந்த வேலைப் பங்கீடு. ஃபில்டர்-ரெப்போவுக்குத் தேவைப்பட்ட சில வசதிகளை நியூரன் கிட்டின் ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட், ஃபாஸ்ட்-இம்போர்ட் கமாண்ட்களில் சேர்த்தார். குழாயை உள்ளே பதித்தார்கள், பாத்ரூமை வெளியே கட்டிக்கொண்டார்கள்.

கிட் மாதிரியே இன்னொரு கருவியான மெர்க்குரியல் ஒரு நடுவழி வைத்திருந்தது. ரீபேஸ் போன்றவை கூடவே வரும், ஆனால் கான்ஃபிக்கில் ஒரு வரி எழுதினால்தான் விழிக்கும். அது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. ஒவ்வொருவர் மெஷினிலும் ஒவ்வொரு மெர்க்குரியல் என்றாகிவிடும்.

‘பில்ட்-இன்’ என்பதற்கு கிட் ஆட்களிடம் இன்னொரு குறுகிய அர்த்தமும் உண்டு. ஷெல் ஸ்கிரிப்டாக இருந்த கமாண்டை சி மொழியில் மாற்றி எழுதி ஒரே பைனரிக்குள் சேர்ப்பது. யூசருக்குப் பெயர் மாறாது, வேகம் மாறும், முக்கியமாக விண்டோஸில். அங்கே ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு புது புராசஸ் கிளப்புவது பெரிய செலவு. இந்த வேலையில் கூகுள் சம்மர் ஆஃப் கோட் வழியாக வந்த நம் நாட்டுப் பிள்ளைகளின் பங்கு கணிசம். ‘சப்மாட்யூல்’ கமாண்டை சி-க்கு மாற்றுகிற வேலை பிரதமேஷ் சவான், சௌர்யா சுக்லா, அதர்வா ராய்கர் என்று வெவ்வேறு வருஷங்களில் கைமாறி வந்தது. இவர்களில் சுக்லாவுக்கு வழிகாட்டியவர்களில் கார்த்திக் சிவராம் ஒருவர்.

அதே திட்டத்தில் 2015-இல் வந்த கார்த்திக் நாயக் செய்ததை எங்கள் டீமுக்கு அடிக்கடி சொல்வேன். பிராஞ்ச்களைப் பட்டியலிட ஒரு கமாண்ட், டேக்குகளுக்கு ஒன்று, எல்லா ரெஃப்களுக்கும் ‘ஃபார்-ஈச்-ரெஃப்’ என்று ஒன்று. ஒன்றில் வரிசைப்படுத்த முடியும், இன்னொன்றில் முடியாது. ஒன்றில் ‘இந்தக் கமிட் எதிலெல்லாம் இருக்கிறது’ என்று கேட்க முடியும், இன்னொன்றில் முடியாது. நானாக இருந்தால் எல்லாம் செய்கிற நான்காவது கமாண்டை எழுதியிருப்பேன். அவர் அடியில் போய் மூன்றுக்கும் பொதுவாக ஒரே கோடைக் கொண்டுவந்தார். ஒரு புதுப் பெயர்கூடச் சேராமல் மூன்று பழைய கமாண்ட்களும் ஒரே பலம் பெற்றன. அந்த வருஷத்தின் நல்ல ‘புது கமாண்ட்’ அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இனி அன்டூ.

முன்பு எங்கள் யார்டு கிளார்க் ஒருவர் கேட்டார்: “தம்பி, தப்பா கேட் இன் போட்டா ஒரே அமுக்குல கேன்சல் ஆவுற மாதிரி ஒரு பட்டன் வைய்யி.” நியாயமான கேள்வி. கன்டெய்னர் நம்பர் நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்கிடுகிற செக் டிஜிட் என்பதால் பெட்டி நம்பரில் தட்டுப்பிழை வந்தால் பெரும்பாலும் சிஸ்டமே பிடித்துவிடும். ட்ரெய்லர் நம்பருக்கு அந்தக் காவல் இல்லை. ஆனால் ‘கேன்சல்’ என்றால் எதை? சர்வேயர் பார்க்கும் முன்பா, அது வெறும் எழுத்துப் பிழை, திருத்திக்கொள்ளலாம். இ.ஐ.ஆர். ரசீதைப் பிரிண்ட் எடுத்து டிரைவர் கையில் கொடுத்தாகிவிட்டதா, அப்போது காகிதம் ஒன்று சொல்லும், சிஸ்டம் இன்னொன்று சொல்லும். ஷிப்பிங் லைனுக்குத் தகவல் போய்விட்டதா, அதை அழிக்கவே முடியாது, எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர் செய்ய வேண்டும். கடைசியில் அந்த ஒரு பட்டனை வைக்கவே இல்லை. பிரிண்ட் எடுக்கும்வரை அதே ஸ்கிரீனில் திருத்தலாம், அதற்குப் பிறகு சூப்பர்வைசர் ஸ்கிரீனில் எதிர்ப்பதிவு. கிளார்க் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிட்டிலும் இதே மூன்று நிலைகள். கமிட் செய்யாத மாற்றம், கமிட் செய்து கையிலேயே வைத்திருப்பது, புஷ் செய்து ஊருக்குப் போய்விட்டது. முதலாவதற்கு ரீஸ்டோர், இரண்டாவதற்கு ரீசெட், மூன்றாவதற்கு ரிவர்ட். எங்கள் ஆபீஸில் மூன்று பேர் ஒரே மூச்சில் சொன்னது இதைத்தான். ஒரே ‘அன்டூ’ வந்து இவற்றில் எது என்று தானே ஊகிக்கும் என்றால், செக்அவுட்டின் கதையை மறுபடி முதலிலிருந்து எழுதுகிறோம். மெர்க்குரியலில் ‘ரோல்பேக்’ என்று ஒன்று இருந்தது. கடைசியாக நடந்தது எதுவோ அதைத் திருப்பும். கடைசியில் நடந்தது கமிட்டாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து இழுத்த புல்லாகவும் இருக்கலாம். எது கடைசி என்று ஞாபகம் வைத்துக்கொள்வது உங்கள் பாடு. அதைப் பிற்பாடு ஒதுக்கிவைத்து, கமிட்டைத் திருத்த வேறு வழியைப் பாருங்கள் என்று மேனுவலிலேயே எழுதினார்கள்.

‘அப்போ ஜுஜுட்சுவில் அன்டூ இருக்கே?’ என்பீர்கள். கூகுளில் இருக்கிற மார்ட்டின் வான் ஸ்வைக்பெர்க் ஆரம்பித்த கருவி அது, இப்போது நிறையப் பேர் வாயில் அடிபடுகிறது. உண்மை, அதில் அன்டூ இருக்கிறது, பிரமாதமாக வேலையும் செய்கிறது. காரணம் அந்த கமாண்ட் இல்லை, அதற்கு அடியில் இருக்கிற கணக்குப் புத்தகம். ஜுஜுட்சு ஒவ்வொரு கமாண்ட் ஓடும்போதும் ரெப்பாசிட்டரி எந்த நிலையில் இருந்தது என்று ஒரு பதிவு போடுகிறது. நீங்கள் கமிட் செய்யாத மாற்றத்தையும் தானாகவே எடுத்து உள்ளே சேர்த்துவைக்கிறது. பதிவு இருக்கிறது, அதனால் திரும்ப முடிகிறது. கிட்டிடம் இருப்பது ரெஃப்லாக் மட்டும். ஹெட்டும் பிராஞ்சும் எங்கெங்கே நின்றன என்பதை, வழக்கமான செட்டிங்கில் தொண்ணூறு நாள், எதிலும் சேராமல் தனித்து விடப்பட்டவற்றுக்கு முப்பது நாள், அது நினைவில் வைத்திருக்கும். உங்கள் ஃபைலில் கமிட் ஆகாமல் இருந்த நாற்பது வரிகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் ‘அன்டூ’ என்று பெயர் வைத்தால், மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கையை விரிக்கும். அன்டூ கேட்கிறவர்கள் முதலில் அந்தப் புத்தகத்தைக் கேட்க வேண்டும். கமாண்ட் தானாக வரும்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது: கிட்டுக்கு வேண்டாம், ஆனால் நமக்கு வேண்டும் என்றால் எழுது. எழுதினார். ‘அன்டூ’ என்ற பெயரை அவரே கைவிட்டார். மூன்று நிலைகளில் நடுவில் இருக்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். கடைசி கமிட்டைப் பிரிக்கும், மாற்றங்கள் அப்படியே கையில் இருக்கும். அந்தக் கமிட் ஏதாவது ரிமோட் பிராஞ்சில் இருப்பதாகத் தெரிந்தால் மறுக்கும். மெர்ஜ் கமிட்டாக இருந்தாலும் மறுக்கும். மறுக்கிற வரிகள்தான் ஸ்கிரிப்டில் அதிகம், செய்கிற வரி ஒன்றே ஒன்று. பெயர் ‘அன்கமிட்’. டீமின் பொது ஃபோல்டரில் போட்டார், எல்லோருடைய பாத்திலும் வந்தது.

மறுநாளே ஹெட்ஃபோன் ஆசாமியிடமிருந்து புகார். அவர் கான்ஃபிக்கில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு அலியாஸ் இருந்திருக்கிறது. அது கமிட்டை மாற்றங்களோடு சேர்த்து ஒரேயடியாகத் தூக்கி எறிகிற வகை. கிட் ஒரு பெயரைத் தேடும்போது முதலில் தன் உள் கமாண்ட்களைப் பார்க்கும், பிறகு பாத்தில் இருக்கும் ஸ்கிரிப்டை, கடைசியில்தான் அலியாஸை. எங்கள் ஸ்கிரிப்ட் அவருடைய அலியாஸை மறைத்துவிட்டது. “தூக்கி எறிய வேண்டிய குப்பையெல்லாம் அப்படியே நிக்குதே” என்றார். நல்லவேளை திசை அப்படி அமைந்தது. எங்களுடையது தூக்கி எறிகிற வகையாகவும் அவருடையது வைத்துக்கொள்கிற வகையாகவும் இருந்திருந்தால் அன்றைக்கும் ஒருவர் விம்கோ நகர் வரைக்கும் பேசாமல் வந்திருப்பார். இத்தனைக்கும் நாங்கள் ஒரே அறையில் உட்கார்கிறவர்கள்.

இப்போது டீம் ஸ்கிரிப்ட் எல்லாவற்றுக்கும் யார்டின் பெயரை முன்னால் ஒட்டுகிறோம். ஆகவே அது ‘யார்டு-அன்கமிட்’. தட்டுவதற்கு நீளம், கேட்பதற்கும் அழகில்லை. அந்தப் பெண் அடுத்ததாக ஃபெட்ச், ரீபேஸ், புஷ் மூன்றையும் ஒன்றாக்கி ‘சிங்க்’ என்று ஒன்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். ரீபேஸ் நடுவில் முட்டிக்கொண்டு நின்றால் உன் ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.